திருட்டு வேறு, கொள்ளை வேறு

ஆசிரியருக்கு,

ஆளில்லாத வீட்டில் நகை களவு போனாலும் 'கொள்ளை' என்றே செய்தித்தாள்கள் தலைப்பிடுகின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, ஒருவர் வசமுள்ள அசையும் பொருளை அவர் சம்மதமின்றி, நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்து நகர்த்துவது திருட்டு. அதற்காகக் காயப்படுத்தினாலோ, வழிமறித்தாலோ, அப்போதே அடிவிழும் என அச்சுறுத்தினாலோதான் அது கொள்ளை.

சென்ற மாதம் எங்கள் தெரு அடிபம்பு அருகே கவிழ்த்து வைத்திருந்த பித்தளைக் குண்டான் காணாமல் போனது. தெருவே 'கொள்ளை' என்றது. சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அதே குண்டான் எங்கள் அடுப்படியிலிருந்து போயிருந்தால், குடியிருக்கும் வீட்டில் திருடிய குற்றமாகி 7 ஆண்டு வரை நீளும். கொள்ளைக்கோ 10 ஆண்டு. ஆனால் 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருடி, முதன்முறையாகத் தண்டிக்கப்படுபவர் அதையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டால், சமூக சேவைதான் தண்டனை. (குண்டான் இன்னும் திரும்பவில்லை.)

பிடிபட்ட இளைஞரைக் 'கொள்ளையன்' என்று அச்சிடுமுன், முதல் தகவல் அறிக்கையில் உள்ள பிரிவு 303-ஆ (திருட்டு), 305-ஆ (வீட்டில் திருட்டு), 309-ஆ (கொள்ளை) என்பதை நிருபர்கள் பார்க்குமாறு வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை, சென்னை – 81