எங்கள் அஞ்சடியைப் பார்க்கத் தெரிந்த அளவை வாகனம் வேண்டி மனு

அனுப்புநர்:
பஃபலோ ரோடு குடியிருப்பாளர்,
லிட்டில் இந்தியா, சிங்கப்பூர்.

பெறுநர்:
சாலை, நடைபாதை வரைபடப் பணிக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கள்.

பொருள்: கேமராவும் லைடாரும் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் கருவி) பொருத்திய புதிய அளவை வாகனத்தை வாங்கும் முன் எங்கள் தெருவில் ஓட்டி, கடைகளின் முன்னால் கூரைக்குக் கீழே போகும் நடைபாதையான அஞ்சடியை அது பார்க்கிறதா என்று சோதிக்க வேண்டுதல் – மூன்றாவது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஜனவரியில் ஒரு மனு அனுப்பினேன், ஏப்ரலில் இன்னொன்று. இரண்டுக்கும் "பெற்றுக்கொண்டோம்" என்று கணினி ஒரு வரி அனுப்பியது. அதோடு சரி. அவை ஆங்கிலத்தில் எழுதியவை. இதைத் தமிழில் எழுதுகிறேன், அனுப்பும் முன் என் அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பதற்காக. மனு அவரைப் பற்றியது.

தாங்கள் எங்கள் வட்டாரத்தை அறிந்தவர். குடியிருப்பாளர் கூட்டத்துக்குத் தேக்கா சந்தையிலிருந்து நடந்தே வந்தீர்கள். அன்றுதான் சாலைகளை மறுபடி அளக்கப் புதிய வாகனக் கருவி வாங்கப்போவதாகவும், மூன்று வகைகள் பரிசீலனையில் இருப்பதாகவும் சொன்னீர்கள். நான் நில அளவை நிறுவனம் ஒன்றில் 14 ஆண்டுகளாகப் புள்ளிமேகத் தரவை, அதாவது லேசர் அளந்த லட்சக்கணக்கான புள்ளிகளின் தொகுப்பை, திருத்திக்கொண்டிருப்பவன். இப்படிப்பட்ட தேர்வு எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். நொடிக்கு எத்தனை புள்ளி, எத்தனை மீட்டர் தூரம், கேமராவுக்கு எத்தனை மெகாபிக்சல், விலை என்ன. அப்புறம் கையெழுத்து. அந்தக் கையெழுத்துக்கு முன்னால் கீழே உள்ளவற்றைப் படித்துப் பார்க்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

1. அம்மாவுக்கு வயது 78. பக்கவாதம் வந்த பிறகு சக்கர நாற்காலியில் இருக்கிறார். இடது கை வேலை செய்யாது. வெள்ளிக்கிழமைதோறும் வீட்டிலிருந்து சிராங்கூன் சாலை அஞ்சடி வழியாக வீரமாகாளியம்மன் கோவிலுக்குப் போய்வருவது அவருடைய வழக்கம். பெரிய சாலையைக் கடக்கவே தேவையில்லாத தூரம்தான்.

2. சென்ற கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. தூறல். வழக்கமாகப் போகும் பக்கத்தில் ஏதோ பழுதுபார்ப்பு நடந்ததால் கைபேசி வழிகாட்டியைத் திறந்தேன். சக்கர நாற்காலிக்கு ஏற்ற பாதை, படியே இல்லை என்று காட்டியது. அந்த வழிகாட்டிக்கு அடிப்படை தங்கள் அளவை வாகனம் எடுத்த தரவு. நம்பித் தள்ளிக்கொண்டு போனேன். ஒரு கடையின் சிவப்பு ஓடு முடிந்து அடுத்த கடையின் சாம்பல் ஓடு தொடங்கும் இடத்தில் தளம் 4 செ.மீ. உயர்கிறது. விளிம்பின் மேல் ஈரச் சாக்கு ஒன்று கிடந்தது. முன்பக்கச் சின்னச் சக்கரம் அதில் இடித்து நின்றது. நாற்காலி நின்றது, அம்மா நிற்கவில்லை. மடியில் இருந்த தட்டு போய் விழுந்து, தேங்காய் சாலைவரை உருண்டது. அவர் வலது கையை ஊன்றினார். அவருக்கு இருப்பதே அந்த ஒரு கைதான் ஐயா. மணிக்கட்டில் முறிவு. ஆறு வாரம் கட்டு. அந்த ஆறு வாரமும் ஒரு வாய்ச் சோற்றை அவரால் தானாக எடுத்துச் சாப்பிட முடியவில்லை. பக்கவாதம் வந்தபோதுகூட அழாதவர், நான் ஊட்டிவிடும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து கோவிலுக்குப் போகவில்லை. எங்கள் தளத்தின் நடைக்கூடத்தில் நின்றால் கோபுரம் தெரியும். வெள்ளிக்கிழமை மாலையானால் அங்கே கொண்டுபோய் நிறுத்தச் சொல்லி, அங்கிருந்தே கும்பிட்டுக்கொள்கிறார்.

3. தங்கள் வாகனம் ஏன் அந்த 4 செ.மீ.யைப் பார்க்கவில்லை என்பதை என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். கருவி இருப்பது வண்டியின் கூரைமேல், தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டரை மீட்டர் உயரத்தில். அஞ்சடி அங்கிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி, தூண்களுக்குப் பின்னால், நிழலுக்குள் இருக்கிறது. நடுவில் சரக்கு இறக்கும் லாரி, கடைவாசலில் வெங்காய மூட்டை, பூக்கூடை. லேசர் நேர்கோட்டில் போவது. மூட்டையில் பட்டால் மூட்டையைத்தான் அளக்கும். அதற்குப் பின்னால் இருக்கும் தரை, தரவில் வெறும் ஓட்டை. அந்த ஓட்டையை மென்பொருள் இரண்டு பக்கத்துத் தரையையும் வைத்து இழுத்து நிரப்பிவிடும். நிரப்பிய பிறகு பார்த்தால் வழவழப்பான சமதளம். இதை நான் தினமும் பார்க்கிறேன். அம்மா விழுந்தது அப்படி ஒரு சமதளத்தில்தான்.

அஞ்சடி ஒன்றும் புதிதாக முளைத்ததில்லை. ஒவ்வொரு வீடும் தெருவோரத்தில் கூரையுள்ள தொடர்பாதை விட வேண்டும் என்று ராஃபிள்ஸ் விதித்தது 1822இல். பாதை தொடர்ந்தது, தளம் தொடரவில்லை. ஒவ்வொரு கடைக்காரரும் தன் வசதிக்கு உயர்த்தினார், தாழ்த்தினார். லிட்டில் இந்தியா 1989இலேயே பாதுகாக்கப்படும் வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. நினைத்தபடி உடைத்துச் சமப்படுத்த முடியாது என்பது எனக்குப் புரிகிறது. அதை நான் கேட்கவும் இல்லை. இருப்பதை இருக்கிறபடி வரைபடம் சொல்லட்டும், அவ்வளவுதான். நானும் என் மகனும் ஒரு ஞாயிறு காலை எஃகு நாடாவோடு போய் அந்த ஒரு வரிசைக் கடைகளை மட்டும் அளந்தோம். 19 இடங்களில் தளம் மாறுகிறது. ஆகக் குறைந்தது 2 செ.மீ., ஆக அதிகம் 17 செ.மீ. தங்கள் வரைபடத்தில் அந்த வரிசை முழுவதும் படியே இல்லை என்று ஒரே பச்சைக்கோடு.

4. மூன்று வகை என்றீர்களே, அவற்றைப் பற்றி.

கேமரா மட்டும் உள்ள வண்டி விலை குறைவு. ஆனால் வெளியே வெயில் கொளுத்தும்போது அஞ்சடிக்குள் இருட்டு. ஒரே படத்தில் சாலை வெளுத்துப்போகும், உள்ளே கறுத்துப்போகும். கறுத்த இடத்தில் உயரத்தைக் கணக்கிட முடியாது. லைடார் தன் ஒளியைத் தானே கொண்டுபோவதால் அதற்கு நிழல் ஒரு பொருட்டில்லை. அதற்காகக் கேமரா வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அங்கே கிடப்பது சாக்கா, சாய்தளப் பலகையா என்று படம்தான் சொல்லும்.

சுழலும் லைடார் ஒன்றும் சுற்றுக் கேமராவும் உள்ளது இரண்டாவது வகை. இதில்தான் தாங்கள் ஏமாந்துவிடக்கூடாது என்று பயப்படுகிறேன். வெலோடைன் விஎல்பி-16 என்ற பெயர்பெற்ற கருவியையே எடுத்துக்கொள்வோம். 16 கதிர்கள், நொடிக்குச் சுமார் 3 லட்சம் புள்ளிகள், 100 மீட்டர் தூரம். துல்லியம் கூட்டல் கழித்தல் 3 செ.மீ. விளக்குக்கம்பம், மரம், பேருந்து நிறுத்தம் வரைய அது தாராளம். ஆனால் 4 செ.மீ. விளிம்பு அந்தச் சிதறலுக்குள் புதைந்துபோகும். நொடிக்குப் பத்து மடங்கு புள்ளி கொட்டினாலும் ஒவ்வொரு புள்ளியும் ஆடிக்கொண்டிருந்தால் என்ன பயன்?

மூன்றாவது, கோடுகோடாக வெட்டி அளக்கும் ஸ்கேனர் இரண்டைக் குறுக்காகப் பொருத்தியது. விலை அதிகம்தான். ரீகல் நிறுவனத்தின் விஎம்எக்ஸ்-2ஹெச்ஏ அப்படிப்பட்டது. அதில் இருக்கும் ஸ்கேனர் ஒவ்வொன்றுக்கும் துல்லியம் 5 மி.மீ. என்று குறித்திருக்கிறார்கள். நொடிக்கு 250 கோடுகள். வண்டி மணிக்கு 36 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு 10 மீட்டர் நகரும், ஆக 4 செ.மீ.க்கு ஒரு கோடு. பாதி வேகத்தில் ஓட்டினால் 2 செ.மீ.க்கு ஒன்று. குறுக்காக வைப்பதற்கும் காரணம் உண்டு. ஒரு ஸ்கேனர் தூணை முன்பக்கமாகத் தாண்டிப் பார்க்கும், மற்றது கடந்து போன பிறகு பின்பக்கமாகப் பார்க்கும். ஒன்றுக்குத் தூண் மறைத்ததை மற்றது பிடித்துவிடும்.

இந்த நிறுவனத்துக்காக நான் பேசவில்லை. இதே அமைப்பில் வேறு நிறுவனங்களும் செய்கின்றன, எதை வாங்கினாலும் சரி. ஏலக்குத்தகையில் (டெண்டரில்), சிங்கப்பூரின் நில அளவை முறையான எஸ்விஒய்21 ஆயத்தொலைவில் எத்தனை செ.மீ.க்குள் பொருந்துகிறது என்று கேட்பீர்கள். நில எல்லைக்கும் குழாய்க்கும் அது வேண்டும். செயற்கைக்கோள் காட்டும் இருப்பிடத்துக்குச் சைரண்ட் நிலையங்கள் தரும் திருத்தம் இருக்கிறது, வானம் மறையும் இடத்தில் வண்டியின் அசைவை உணரும் ஐஎம்யூவும் சக்கர அளவியும் ஓரளவு தாங்கிக்கொள்ளும். ஆனால் என் அம்மாவுக்கு அந்தத் தெருவே 10 செ.மீ. தள்ளி வரையப்பட்டிருந்தாலும் கவலையில்லை. சிவப்பு ஓட்டுக்கும் சாம்பல் ஓட்டுக்கும் நடுவில் உயரம் எவ்வளவு என்பதுதான் அவர் கையை முறித்தது. அருகருகே உள்ள இரண்டு புள்ளிகளின் வித்தியாசம் எவ்வளவு சரியாக வருகிறது என்று தங்கள் ஏலக்குத்தகையில் ஒரு வரி இருக்கிறதா? 200 மீட்டர் தூரம் பார்க்கும் கருவி எதற்கு ஐயா? எங்கள் தெருவின் அகலம் என்ன, தாங்கள் நடந்து பார்த்தீர்கள்தானே?

5. சென்ற முறை வாகனம் வந்தது மாலை நான்கு மணிக்கு. நான்கு மணிக்கு! சிராங்கூன் சாலையில் அந்த நேரத்தில் என்ன இருக்கும் என்று தேக்காவில் காய்கறி வாங்கும் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்களே. முந்தின மணிநேரம் மழை வேறு. தண்ணீர் தேங்கிய ஓட்டில் லேசர் கண்ணாடியில் பட்டதுபோல் வேறெங்கோ தெறித்துப்போகும், திரும்பி வராது. எவ்வளவு விலைகொடுத்து வாங்கினாலும் அந்த நேரத்தில் ஓட்டினால் மூட்டையைத்தான் அளக்கும். ஏப்ரல் மனுவிலும் இதை எழுதியிருந்தேன். யாராவது படித்தார்களா?

6. ஆகவே நான் கேட்பது: வாங்குவதற்கு முன் மூன்று வண்டிகளையும் இந்த ஒரே தெருவில் ஓட்டச் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்கு மேல், கடை திறக்கும் முன், தரை காய்ந்திருக்கும் நாளில். நாங்கள் நாடாவால் அளந்த 19 இடங்களின் பட்டியலை இணைத்திருக்கிறேன். எந்த வண்டி அதில் எத்தனையைக் கண்டுபிடிக்கிறது என்று பாருங்கள். என் அளவில் சந்தேகம் இருந்தால் தங்கள் ஆளை அனுப்பி மறுபடி அளக்கச் சொல்லுங்கள், நானே நாடாவின் மறுமுனையைப் பிடிக்கிறேன். எவ்வளவு நல்ல வண்டியானாலும் சில இடங்களை அதனால் பார்க்க முடியாது. அங்கே முதுகில் மாட்டி நடந்து அளக்கும் கருவி வேண்டும். அதிலும் சிதறல் உண்டுதான், ஆனால் ஒவ்வொரு வாசலிலும் சில நொடி நின்று அளந்தால் ஆயிரக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து அதன் பெரும்பகுதி அடங்கிவிடும். அதற்கும் ஆள் இல்லை, பணம் இல்லை என்றால், பார்க்காத இடத்தைப் பார்த்ததாகப் பச்சைக்கோடு போடாதீர்கள். "இங்கே அளக்கவில்லை" என்று சாம்பல் நிறத்தில் விட்டுவிடுங்கள். அளக்கவில்லை என்று தெரிந்திருந்தால் நான் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து அம்மாவைத் தள்ளியிருப்பேன்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். அம்மாவுக்கு வாசித்தபோது, "அதிகாரியை அப்படிக் கேட்காதே தம்பி, அவருக்கும் ஆயிரம் வேலை இருக்கும்" என்றார். ஐந்தாவது அம்சத்தை எடுத்துவிடச் சொன்னார். நான் எடுக்கவில்லை.

மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்திடும் முன் அந்த வண்டிகளை எங்கள் அஞ்சடிப் பக்கம் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வரும் வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு நான் பஃபலோ ரோடு முனையில் நாடாவோடு நிற்பேன். அடுத்த வெள்ளியும் நிற்பேன். தாங்கள் வந்தால் பத்து நிமிடத்தில் அந்தச் சாம்பல் ஓட்டைக் காட்டிவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
பஃபலோ ரோடு குடியிருப்பாளர்

இணைப்பு: 19 தளமாற்றங்களின் அளவுப்பட்டியல், முந்தைய இரண்டு மனுக்களின் நகல்கள்.