திருப்பணி நிறைவு அறிக்கை: வைத்ததைவிட எடுத்தது அதிகம்

திருப்பணிச் சபை உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

குடமுழுக்கு நடந்து, 48 நாள் மண்டலாபிஷேகமும் குறைவில்லாமல் முடிந்தது. வரவு செலவுக் கணக்கைத் தணிக்கையாளர் கையெழுத்தோடு கோயில் அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். ரூபாய்க் கணக்கு அங்கே இருப்பதால் இங்கே திரும்ப எழுதவில்லை. குடமுழுக்கன்று பந்தலில் உட்கார்ந்திருந்த உறுப்பினர் ஒருவர், "இவ்வளவு வசூல் பண்ணீங்களே, புதுசா என்னத்தைக் கட்டினீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். புதிதாகக் கட்டியது சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளமும் ஒரு விளக்கு மேடையும்தான். மற்றபடி வைத்ததைவிட எடுத்ததே அதிகம். எதை எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்று சொல்லத்தான் இந்த அறிக்கை.

போன திருப்பணியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 12 வருஷத்துக்கு முன்னால் மகாமண்டபத்துக்கும் உள்பிரகாரத்துக்கும் பளபளவென்று டைல்ஸ் போட்டோம். தூண்களுக்கு நடுவே ஸ்டீல் கிரில், மேலே வரிசையாக டியூப்லைட், வாசலில் கரண்டில் தானாகவே அடிக்கும் மின்முரசு. அந்தத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் இதை எழுதுகிறவனும் ஒருவன். கோயில் சுத்தமாக இருக்கட்டும் என்றுதான் செய்தோம். ஆனால் விளக்கிலிருந்து சொட்டிய எண்ணெயும் அபிஷேகத் தண்ணீரும் டைல்ஸில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. இரண்டு பேர் விழுந்தார்கள், ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அப்புறம் வயசானவர்கள் கொடிமரத்தோடு கும்பிட்டுவிட்டுத் திரும்ப ஆரம்பித்தார்கள்.

இந்த முறை எஸ்டிமேட் போடுவதற்கு முன்னால், கட்டிடக்கலை படித்த நம்மூர்ப் பெண் ஒருவர், "ஒரு மாசம் சும்மா உட்கார்ந்து பார்க்கிறேன்" என்றார். காலையும் மாலையும் வந்து உட்கார்ந்து, யார் எந்த வழியாக வருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள், கை எதைத் தொடுகிறது என்று பென்சிலில் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். இதற்கு அனுபவ வடிவமைப்பு என்று பெயராம். ஓர் இடம் கண்ணுக்கு எப்படி இருக்கிறது என்பதோடு, காலுக்கும் கைக்கும் காதுக்கும் எப்படி இருக்கிறது என்று பார்த்து அமைப்பது. "இதுக்கெல்லாம் பேரு வேறயா" என்று கூட்டத்தில் சிரித்தோம். அவர் காட்டிய முதல் படத்தோடு சிரிப்பு நின்றது. மகாமண்டபத்துக்குள் கோடுகள் நேராகப் போய் நேராகத் திரும்பியிருந்தன. உட்கார்ந்தவர்களைக் குறித்த புள்ளிகள் எல்லாம் வெளியே, செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து வில்வமரத் திண்ணையில்.

இன்னொன்றும் காட்டினார். மண்டபப் படிக்கு வலப்பக்கத் தூணில், இடுப்பு உயரத்தில், ஓர் உள்ளங்கை அகலத்துக்குக் கல் கறுத்து வழவழவென்று இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் படியேறியவர்கள் பிடித்த இடம். நாங்கள் கிரிலை அந்தத் தூணோடு ஒட்டி வைத்ததில் 12 வருஷமாக அதை யாரும் பிடிக்க முடியவில்லை. கிரிலைக் கழற்றலாம் என்ற தீர்மானம் அன்றைக்கே நிறைவேறியது.

டைல்ஸைப் பெயர்த்தபோது அடியில் பழைய பட்டியக்கல் பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. அதன் மேல் சிமெண்ட், மணல், டைல்ஸ் என்று ஏற்றி ஏற்றித் தூண்களின் அடிப்பாகத்தையே புதைத்திருந்தோம். தரை உயர்ந்ததால் முதல் படி சின்னதாகிவிட்டது. கால் தடுமாறியதற்கு அதுவும் ஒரு காரணம். மழைத்தண்ணீர் வெளியே போகும் துவாரம் ஒன்றும் அடைந்து கிடந்தது. ஸ்ரீரங்கத்தில் சேர்ந்துபோன மண்ணையும் இடைஞ்சல்களையும் அகற்றி, பழைய நீர்வழிகளை மீட்டதற்கு 2017இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது நினைவிருக்கலாம். அந்த அளவில் நாம் எதுவும் செய்யவில்லை, ஆனால் வியாதி ஒன்றுதான். தென்பக்கத் தூணருகே கல்லில் ஆடுபுலி ஆட்டக் கட்டம் ஒன்று கீறியிருப்பது தெரிந்தது. ஸ்தபதி அந்தக் கல்லை மட்டும் கொத்தாமல் விட்டார். இப்போது சாயங்காலம் அதைச் சுற்றிப் பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், காய்களுக்குப் புளியங்கொட்டை.

டியூப்லைட்டை எடுப்பதில்தான் சண்டை அதிகம். உபயதாரர்கள் வருத்தப்பட்டார்கள், அவர்கள் பெயர்களை அலுவலகம் பக்கம் ஒரே கல்வெட்டில் பொறித்துவிட்டோம். விஷயம் இதுதான்: வெளிப்பிரகாரத்து வெயிலிலிருந்து வருகிற கண்ணுக்கு, மண்டபத்தில் வெளிச்சம் கொஞ்சம், அர்த்தமண்டபத்தில் இன்னும் கொஞ்சம் என்று குறைந்துகொண்டே வந்தால்தான் கருவறையின் ஒற்றை விளக்கில் சுவாமி தெரிவார். கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 20, 30 நிமிடம் பிடிக்கும், ஆனால் முதல் சில நிமிடங்களிலேயே நிறையப் பழகிவிடும். கருவறைக்கு முன்னாலேயே டியூப்லைட் கொளுத்தினால் உள்ளே வெறும் கறுப்புத்தான். இப்போது தீபாராதனைத் தட்டு மேலே போகும்போது முகம் துலங்குகிறது. குருக்கள் சங்கல்பத்துக்குச் சீட்டு வாசிக்க முடியவில்லை என்றார், அவர் நிற்கும் இடத்தில் சின்ன பல்பு வைத்தோம். படிகளின் ஓரத்தில் தாழ்வாக மஞ்சள் விளக்கு.

ஒரு தப்பையும் சொல்லிவிட வேண்டும். கருவறையின் வடக்கு வெளிச்சுவர் மாடத்தில் (கோஷ்டம்) இருக்கும் துர்க்கை முன்னால் ராகுகால விளக்கு போட்டுப் போட்டுச் சுவரெல்லாம் புகையும் பிசுக்குமாக இருந்தது. ஆகவே கன்னிமூலையில் அழகாக ஒரு விளக்கு மேடை அமைத்து, "இங்கே ஏற்றவும்" என்று பலகையும் வைத்தோம். அடுத்த செவ்வாய் மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தால், மேடை காலி. எலுமிச்சை மூடிகள் வழக்கம்போலத் துர்க்கை காலடியில். ஓர் அம்மா சொன்னார்: "அங்க ஏத்தினா அவளுக்கு எப்படிப்பா தெரியும்?" தென்மேற்கு மூலையிலிருந்து வடக்குச் சுவர் தெரியாது, பென்சில் படம் கையில் இருந்தும் எங்களுக்கு அது தோன்றவில்லை. மேடையைத் துர்க்கைக்கு எதிரே, சுவரைவிட்டு எட்டடி தள்ளி வைத்தோம். பலகையை எடுத்துவிட்டோம். இப்போது எல்லாரும் அங்கேதான் ஏற்றுகிறார்கள்.

சாய்தளம் வடக்கு வாசலில். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. நம் கோயில் தளம் இரண்டரை அடி உயரம், ஆக முப்பது அடி நீளம். நேராக விட இடமில்லை, மதிலோரம் ஒரு முறை மடக்கி, மடங்கும் இடத்தில் சக்கர நாற்காலி திரும்பவும் மூச்சு வாங்கவும் சதுரமாகத் தளம் விட்டிருக்கிறோம். பிரதான வாசலில்தான் வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். அங்கே போட்டால் பழைய படிகளை உடைக்க வேண்டும், அறநிலையத் துறையும் அனுமதிக்காது. இதில் எல்லாருக்கும் திருப்தி என்று சொல்ல மாட்டேன்.

விமானத்துத் தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருந்த சிமெண்டைச் செதுக்கி எடுத்துவிட்டு, கடுக்காயும் பனைவெல்லமும் சேர்த்த சுண்ணாம்புக் கலவையில் ஓடு பதித்தாயிற்று. ஐப்பசி மழையில் ஒழுகவில்லை. தூண்களில் இருந்த பெயிண்டையும் பிசுக்கையும் தண்ணீர், பிரஷ் கொண்டே எடுத்தோம். மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் மணல் வீச்சுக்குத் தடை இருக்கிறது, தடை இல்லாவிட்டாலும் சிற்பத்தின் மூக்கு முழி தேய்ந்துபோகும்.

பாக்கி இரண்டு. குளத்தின் தென்கரைப் படிகள் இன்னும் சரிந்துதான் கிடக்கின்றன, அடுத்த கோடையில் தண்ணீர் வற்றும்போதுதான் கை வைக்க முடியும். மின்முரசைக் கழற்றி மடப்பள்ளிப் பரணில் போட்டிருக்கிறோம். தவில், நாகஸ்வரம் இப்போதைக்கு வெள்ளிக்கிழமையும் பிரதோஷமும் மட்டும். மற்ற நாட்களில் குருக்கள் கைமணியோடு சரி. தினமும் வாசிக்க ஆள் வைக்கலாமா, அதற்கு மாதச் சந்தா போடலாமா என்பதை அடுத்த பிரதோஷத்தன்று பூஜை முடிந்ததும் பேசுவோம். கூட்டம் மகாமண்டபத்திலேயே, தரையில்.

திருப்பணிக் குழுவுக்காக,
செயலாளர்