2024-25 செயலாளர் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். தலைவர் ஐயா அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடுன்னு சொல்லியிருக்கார், அது முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கோங்க. தெருவிளக்கு, பூங்கா கேட்டு, கால்வாய் தூர் வாரறது எல்லாம் கடைசியில ரெண்டு வரில சொல்லிடறேன், ஏன்னா இந்த வருஷம் நம்ம ஆளுங்களோட நேரம் அதிகமா போனது பக்கத்து ஸ்கூல்கள்ல படம் போட்டு சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் பத்தி பசங்ககிட்ட பேசுன வேலையிலதான்.

போன பொதுக்குழுவுலயே சில பேர் "குடியிருப்போர் சங்கத்துக்கும் சினிமாவுக்கும் என்னங்க சம்பந்தம்"னு கேட்டீங்க. நியாயமான கேள்விதான். 1991-ல எம்.சி.மேத்தாங்கற சுற்றுச்சூழல் வக்கீல் போட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட் ஒரே உத்தரவுல ரெண்டையும் சேர்த்து சொல்லியிருக்கு, தியேட்டர்ல சுற்றுச்சூழல் ஸ்லைடு இலவசமா போடணும், ஸ்கூல்ல சுற்றுச்சூழல் கட்டாயப் பாடமா இருக்கணும்னு. ஸ்லைடு கதை உங்களுக்கே தெரியும், இப்ப தியேட்டருக்குப் போனா புகையிலை எச்சரிக்கைதான் ஓடுது. பாடம் வந்துடுச்சு, ஆனா அது அஞ்சு மார்க் கேள்வியா மாறி மனப்பாடத்துல போய் உக்காந்துடுச்சு. இன்னொரு பக்கம் நம்ம அரசு ஸ்கூல்கள்ல 2022-லேர்ந்து மாசாமாசம் சிறார் படம் போடற திட்டம் இருக்கு, ஹெட்மாஸ்டருங்களுக்கு படம் போடறதுன்னா புதுசு இல்ல, நாம போய் அந்தப் பழக்கத்தோட ஒட்டிக்கிட்டோம், அவ்ளோதான்.

என்ன படம்ங்கறதுலதான் கமிட்டில பெரிய சண்டை. இளைஞர் அணி தம்பிங்க 'தி டே ஆஃப்டர் டுமாரோ' போடுங்கன்னாங்க, 2004-ல வந்த படம், நியூயார்க்கே உறைஞ்சு போகும், பசங்க விசில் அடிப்பாங்க. படத்துல அதுக்குக் காரணமா காட்டற அட்லாண்டிக் கடல் நீரோட்டம் பலவீனமாகறது விஞ்ஞானிங்க நிஜமாவே கவலைப்படற விஷயம்தான், ஆனா நாலு நாள்ல பனி யுகம் வராதுங்க. அதனால முழுப்படம் வேணாம், ஒன்பதாம் கிளாஸுக்கு மட்டும் பத்து நிமிஷம் போட்டு "இதுல எது நிஜம், எது கப்சா"ன்னு கேக்கலாம்னு முடிவாச்சு. அந்த கிளாஸ்தான் இந்த வருஷத்துலயே சூடா போன கிளாஸ், பெல் அடிச்சும் யாரும் எழுந்திரிக்கல.

ரிட்டயர்டு ஆனவங்க எல்லாரும் அமெரிக்காவோட முன்னாள் துணை ஜனாதிபதி அல் கோரோட காலநிலைப் படம் 'ஆன் இன்கன்வீனியன்ட் ட்ரூத்'தான் வேணும்னாங்க. 2006-ல வந்து ஆஸ்கார் வாங்குன படம், மறுக்கல, ஆனா ஒரு மனுஷன் ஸ்லைடு காட்டி பேசிட்டே இருப்பார், ஏழாம் கிளாஸ் பசங்க கொட்டாவி விடுவாங்க. இதுல எனக்கு உருப்படியா பட்டது படம் இல்ல, அதுக்கு நடந்த கேஸ். இங்கிலாந்துல ஸ்கூலுக்கெல்லாம் இந்தப் படத்தை அரசாங்கம் அனுப்பப் போக, ஒருத்தர் கோர்ட்டுக்குப் போயிட்டார், 2007-ல ஜட்ஜ் என்ன சொன்னார்னா அடிப்படை அறிவியல் சரி, ஆனா ஒன்பது இடத்துல விஞ்ஞானிங்க பொதுவா ஏத்துக்கறதைத் தாண்டி போயிருக்கு, வாத்தியார் கையில விளக்கக் குறிப்பு குடுத்துட்டு காட்டுங்கன்னார். கடல் மட்டம் இருபது அடி ஏறும்னு கூடிய சீக்கிரம் நடக்கற மாதிரி படம் காட்டுது, அதுக்கு ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும்ங்கறது அதுல ஒண்ணு. தடையும் பண்ணல, அப்படியே முழுங்கவும் சொல்லல. அதைப் படிச்சப்புறம் நாமளும் ஒவ்வொரு படத்துக்கும் டீச்சருக்கு ஒரு பக்க குறிப்பு எழுதிக் குடுக்க ஆரம்பிச்சோம், படம் எங்க நிறுத்தணும், என்ன கேக்கணும்னு.

நிறுத்தறதுதான் முக்கியம், இதைத்தான் நான் பெருசா சொல்ல வந்தேன். ஒன்றரை மணி நேரம் லைட்ட அணைச்சு படம் ஓட்டிட்டு கைதட்டி அனுப்பிட்டா அது பிக்னிக். 'சேசிங் ஐஸ்'னு பனி உருகறதைப் பத்தின டாக்குமென்டரில கிரீன்லாந்து பனிப்பாறை ஒண்ணு உடைஞ்சு கடல்ல விழும் பாருங்க, நிஜத்துல 75 நிமிஷம் நடந்ததாம், படத்துல சில நிமிஷம்தான். அங்க நிறுத்துனோம். பின் பெஞ்சு பையன் ஒருத்தன் "சார், மிதக்கற ஐஸ் உருகுனாலும் தண்ணி ஏறுமா"ன்னான். சயின்ஸ் டீச்சரம்மா பதில் சொல்லவே இல்ல, ரெண்டு வாட்டர் பாட்டிலை பாதியா வெட்டி, ஒண்ணுல ஐஸை மிதக்க விட்டாங்க, இன்னொண்ணுல கல்லை வெச்சு தண்ணிக்கு மேல கல்லு மண்டையில ஐஸை வெச்சாங்க, ரெண்டுலயும் தண்ணி மட்டத்துல ஸ்கெட்ச் பேனாவால கோடு. நம்ம ஊரு வெயில்ல ஐஸ் உருக எவ்ளோ நேரம் ஆகும், மிச்சப் படம் முடியறதுக்குள்ள உருகிடுச்சு. மிதந்தது கோட்டுலயே நிக்குது, கல்லு மேல இருந்தது கோட்டைத் தாண்டிடுச்சு. ஆர்க்டிக் கடல்ல மிதக்கற பனி வேற, கிரீன்லாந்து நிலத்து மேல உக்காந்திருக்கற பனி வேறன்னு இனிமே அந்த கிளாஸ்ல யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்ல. கடல் சூடாகி விரியறதும் ஒரு காரணம்னு டீச்சரம்மா அப்புறம் சேர்த்துக்கிட்டாங்க.

ஒரு விஷயத்துல மட்டும் எந்தப் படமும் கை குடுக்கல. எந்த ஸ்கூலுக்குப் போனாலும் பசங்க "ஓசோன்ல ஓட்டை விழுந்து வெயில் உள்ள வருது, அதான் குளோபல் வார்மிங்"னு சொல்றாங்க, சில இடத்துல டீச்சர்களுமே. ஓசோன் ஓட்டை தனிக் கதை, அது புறஊதாக் கதிர் சமாச்சாரம். பூமி திருப்பி வெளிய விடற வெப்பத்தை கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் புடிச்சு வெச்சுக்கறதுதான் இங்க பிரச்சனை, கம்பளிக்குள்ள படுத்த மாதிரி. கண்ணுக்கே தெரியாததை கேமராவுல காட்டறது கஷ்டம், போர்டுதான், சாக்பீஸ்தான்.

மொழி இன்னொரு தலைவலி. சப்டைட்டில் படிக்கறதுக்குள்ள சீன் போயிடுது, அதுவும் இங்கிலீஷ்ல. அதனால ஒலியைக் குறைச்சுட்டு நம்ம வாத்தியாரம்மா மைக்கு புடிச்சு தமிழ்ல கூடவே சொல்லிட்டு போனாங்க, பசங்களுக்கு படத்தை விட அவங்க கமென்டரிதான் புடிச்சிருக்குன்னு கேள்வி. யானைக்குட்டிகளை வளர்க்கறவங்களைப் பத்தின 'தி எலிபெண்ட் விஸ்பரர்ஸ்' டாக்குமென்டரிக்கு மட்டும் அந்த வேலை மிச்சம், நம்ம முதுமலை தெப்பக்காடு, பேசறதும் பெரும்பாலும் தமிழ்தான். அது காலநிலைப் படம்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா சின்ன கிளாஸுக்கு அதுவே போதும். ஆறாம் கிளாஸுக்குக் கீழ அழிவு காட்டற படம் போடறதில்லன்னு தீர்மானமே போட்டிருக்கோம், ராத்திரி "நம்ம வீடு மூழ்கிடுமாம்மா"ன்னு குழந்தை அழுதா எந்த அம்மாவும் சங்கத்தைத்தான் திட்டுவாங்க.

பெரிய கிளாஸுக்கு எடுபட்டது நம்ம செல்போன் வீடியோதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல அவங்கவங்க வீட்டுல எடுத்த கிளிப்பை கொண்டு வரச் சொன்னோம், ஃப்ரிட்ஜ் மிதக்குது, படகு தெருவுல வருது. கரை கடந்தது ஆந்திராவுல பாபட்லா பக்கம், கொட்டுனது நமக்கு. அதோட பள்ளிக்கரணை சதுப்பு நில மேப்பையும் போட்டோம், 2022-ல ராம்சார் அந்தஸ்து, அதாவது உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலம்ங்கற அங்கீகாரம், கிடைச்சப்போ கணக்குல வந்தது 1,247 ஹெக்டேர், ஒரு காலத்துல அதைப்போல பல மடங்கு இருந்த இடம். காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதலா நீராவி தாங்கும், அதனால மழை கனமா வருது, அது ஒரு பாதி, தண்ணி நிக்க வேண்டிய இடத்துல நாம நிக்கறோம்ங்கறது இன்னொரு பாதி. எல்லாத்தையும் க்ளைமேட் சேஞ்ச் தலையில கட்டறது அதிகாரிங்களுக்கு வசதி, பசங்க அதைக் கத்துக்க வேணாம். ஒரு பொண்ணு "எங்க ஃப்ளாட்டும் ஏரியிலயா சார் இருக்கு"ன்னு கேட்டா, என்னால இல்லன்னு சொல்ல முடியல.

ஒரு தனியார் ஸ்கூல்ல போட்டோ எடுக்கற வரைக்கும் உக்கார வெச்சுட்டு அப்புறம் யூனிட் டெஸ்ட்னு கூட்டிட்டு போயிட்டாங்க, அங்க இனிமே வேணாம்ங்கறது என் கருத்து, கமிட்டி சொல்லட்டும். காப்பிரைட் பத்தி கேட்டவங்களுக்கு, ஸ்கூலுக்குள்ள மாணவர், ஆசிரியர், பெற்றோருக்கு மட்டும் பாட நோக்கத்துல காட்ட சட்டத்தோட 52-வது பிரிவு இடம் குடுக்குது, தெருவுல திரை கட்டி ஊருக்கே காட்ட முடியாது, கோயில் திருவிழாவுல போடலாமேன்னு இனிமே யாரும் கேக்காதீங்க.

மத்தபடி தெருவிளக்கு மூணாவது தெரு தவிர எல்லாம் எரியுது, பூங்கா கேட்டு மாத்தியாச்சு, கால்வாய் பாதி தூர் வாரியிருக்கு, மனு குடுத்துட்டே இருக்கோம். வரவு செலவு பொருளாளர் அக்கா படிப்பாங்க. ஸ்கூல் கிளாஸ்ரூம்ல பகல்ல இருட்டு பண்றதுதான் பெரும்பாடு, ஸ்மார்ட் போர்டுல ஜன்னல் வெளிச்சம்தான் தெரியுது, அதனால வீட்டுல கறுப்புத் துணி, பழைய கெட்டி கர்ட்டன் சும்மா கிடந்தா ஜூன்ல ஸ்கூல் திறக்கறதுக்குள்ள சங்க ரூம்ல குடுத்துடுங்க, சாவி தலைவர் வீட்டுல இருக்கு.

இப்படிக்கு,
செயலாளர்