தீ பிடிக்காத நாள்களில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஜவுளிக்கடைகளின் செலவுக் குறைப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'தீ பிடிக்காத நாள்களில் தீ மார்ஷலுக்கு என்ன வேலை?' என்று அதில் ஒரு வரி. ஜவுளிக்கடை ஒன்றில் தீத்தடுப்பைக் கவனிக்கும் அந்த வேலைக்குப் பதினோரு ஆண்டுகள் சம்பளம் வாங்கியவன் என்பதால் கணக்கு ஒப்பிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கடை திறக்குமுன் ஆறு மாடியும் ஏறி இறங்க வேண்டும். தீயணைக்கும் பவுடர் சிலிண்டர் என்றால் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்துவிடலாம். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்கு முள்ளே கிடையாது. எடை போட்டால்தான் வாயு குறைந்திருப்பது தெரியும். அதற்காக ஒரு தராசு கேட்டேன். "மளிகைக் கடை வைக்கப் போகிறீர்களா?" என்றார் மேலாளர். தங்கள் கட்டுரையாளருக்கு அவர் உறவோ என்னவோ.

தீபாவளிச் சரக்கு வந்திறங்கினால் அவசரப் படிக்கட்டு கிடங்காகிவிடும். மூட்டைகளை எடுக்கச் சொன்னால் மறுநாள் அவை ஒரு மாடி மேலே ஏறியிருக்கும். புகையைத் தடுக்கத் தானாகச் சாத்திக்கொள்ள வேண்டிய கதவுக்குச் செங்கல் முட்டு. திறந்திருக்க வேண்டிய கீழ்வாசலுக்கோ பூட்டு, திருட்டுப் பயமாம். சாவி முதலாளியின் மேசையறையில். எழுதிக் கொடுத்த கடிதங்களின் நகல்கள் இன்றும் என் பீரோவில் இருக்கின்றன. பதில் வரவில்லை என்று சொன்னால் பாவம். ஒன்று வந்தது: வாடிக்கையாளர் முன்னிலையில் முகத்தைச் சுளிக்க வேண்டாம் என்று.

2004ஆம் ஆண்டைத் தங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஜனவரியில் ஸ்ரீரங்கம் திருமண மண்டபம், மாப்பிள்ளையும் பிழைக்கவில்லை. ஜூலையில் கும்பகோணம் பள்ளி, 94 குழந்தைகள். இரண்டு இடத்திலும் எரிந்தது கீற்று. அதைப் பிரித்துப் போடச் சொல்லத் தீ பிடிக்காத நாள்கள் எத்தனை இருந்தன!

தங்கள் நாளிதழும் சளைத்ததல்ல. எங்கே தீப்பிடித்தாலும் 'மின்கசிவே காரணம் எனக் கூறப்படுகிறது'. கூறியவர் யார் என்று ஒருநாளும் வந்ததில்லை. ஏப்ரல் 14 அன்று முதல் பக்கம் முழுக்கச் சித்திரைத் தள்ளுபடி விளம்பரம். 1944இல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் மாண்ட தீயணைப்பு வீரர்களுக்கு, மறுநாள் உள்பக்கத்தில் தபால்தலை அளவில் ஒரு மலர்வளையப் படம்.

மறுப்பு வெளியிடச் சொல்லி நான் கேட்கவில்லை. அடுத்த தீ விபத்துக்குப் போகும் தங்கள் நிருபர், மின்கசிவை எழுதுமுன், அவசரப் படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்ததா என்று மட்டும் விசாரிக்கட்டும். மேலாளரிடம் கேட்க வேண்டாம். இரவுக் காவலாளியிடம் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தீ மார்ஷல்,
மதுரை.