அட்வான்ஸ் கொடுக்கும் முன் மரை வெட்டச் சொல்

ரங்கூன்

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. மற்ற சேதியெல்லாம் அப்புறம். கம்ப்யூட்டர் கணக்கில் கடையும் அந்த சிஎன்சி லேத்துக்கு இந்த வாரமே அட்வான்ஸ் கொடுக்கப் போவதாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். கொடுக்காதே. கொடுத்தே ஆக வேண்டுமென்றால், உன் கண் முன்னால் ஒரு ராடில், நட்டு ஏறுகிற மாதிரி, திருகு மரை வெட்டிக் காட்டச் சொல்லிவிட்டுக் கொடு.

ஜப்பானிலிருந்து கன்டெய்னரில் வரும் பழைய மெஷினைத் துடைத்து, பெயின்ட் அடித்து நிறுத்தியிருப்பார்கள். ஒரு துண்டை மாட்டி வெளிவட்டம் கடைந்து காட்டுவார்கள். பளபளவென்று வரும், மைக்ரோமீட்டர் வைத்தால் அளவும் சரியாக இருக்கும். எங்களுக்கும் அப்படித்தான் காட்டினார்கள். இங்கே கொண்டுவந்து அரிசி ஆலை ஷாஃப்ட் ஒன்றில் 24 மி.மீ. விட்டத்துக்கு 3 பிட்ச், அதாவது மரைக்கு மரை 3 மி.மீ. இடைவெளியில், மரை போட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. டூலின் முதல் ஓட்டம், அதாவது முதல் பாஸ், அழகாக விழுந்தது. அடுத்த பாஸ் அந்தப் பள்ளத்தில் இறங்காமல் சற்றுத் தள்ளி இறங்கியது. அதற்கடுத்தது இன்னும் தள்ளி. கடைசியில் மரையின் முகடெல்லாம் சீவிப்போய், நட்டு ஒரு சுற்றுகூட ஏறவில்லை.

நீ கை லேத்தில் வளர்ந்தவன். அங்கே துண்டைச் சுற்றும் ஸ்பிண்டிலையும் டூலை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவையும் பல்சக்கரம் கட்டிப்போட்டிருக்கிறது. மரை டயலில் கோடு வரும்போது, டூலை லீட் ஸ்க்ரூவோடு பூட்டும் அரை நட்டைப் போட்டால் டூல் பழைய பள்ளத்திலேயே போய் விழும். (நம் குரு செல்லையா சயாவிடம் அந்த டயலுக்காக நீ வாங்கிய குட்டு ஊருக்கே கேட்டதே!) சிஎன்சியில் நடுவே பல்சக்கரம் கிடையாது. ஸ்பிண்டிலோடு பல் பெல்ட் போட்டு, சுற்றை எண்ணிச் சொல்லும் ஒரு என்கோடரைச் சுற்றவிட்டிருப்பார்கள். எங்கள் மெஷினில் அது சுற்றுக்கு 1024 மின் துடிப்பு, அதாவது பல்ஸ், தருகிறது. அதோடு சுற்றுக்கு ஒரே ஒரு அடையாளப் பல்ஸ். அந்த ஒற்றைப் பல்ஸ்தான் உன் டயல். ஒவ்வொரு பாஸிலும் டூல் அது வரும்வரை காத்திருந்துதான் கிளம்பும். வெளிவட்டம் கடையும்போது அது எங்கே வந்தால் என்ன? அதனால்தான் கடைசல் நன்றாக வருகிற மெஷினிலும் மரை கெட்டுப்போகிறது.

பட்டறையில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், மெஷினை நடத்தும் கன்ட்ரோல் கார்டு போய்விட்டது, பாங்காக்கிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றார். கோவிந்தன் புரோகிராம் தப்பு என்று சாதித்தான். புரோகிராமை வரி வரியாகப் பார்த்தேன். ஸ்பிண்டில் சுற்றை மாறாமல் வைக்கும் ஜி97 கட்டளைதான் போட்டிருந்தது. விட்டத்துக்குத் தக்கபடி சுற்றை மாற்றும் ஜி96 இருந்திருந்தால் டூல் உள்ளே போகப் போக ஸ்பிண்டில் வேகம் மாறி மரையைக் கெடுத்திருக்கும். முகப்புக்கு முன்னால் டூல் ஓடி வேகம் பிடிக்கவும் மூன்று பிட்ச் இடம் விட்டிருந்தது. நிமிடத்துக்கு 400 சுற்று, 3 பிட்ச் என்றால் டூல் நிமிடத்துக்கு 1200 மி.மீ. ஓட வேண்டும். நின்ற இடத்திலிருந்து அந்த வேகம் உடனே வந்துவிடாது. இடம் விடாவிட்டால் முதல் ஒன்றிரண்டு மரை பிட்ச் தவறித்தான் வரும். ஆக, புரோகிராமில் குறையில்லை. கார்டு போயிருந்தால் கடைசல் மட்டும் எப்படி அவ்வளவு சுத்தமாக வரும்? கார்டுக்குப் பணம் கொடுக்க எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஒரு ராடில் மார்க்கிங் நீலம் பூசினேன். ஆழமே கூட்டாமல், நூலிழை மாதிரி ஒரே ஒரு கீறல், அதையே திரும்பத் திரும்பப் போடவிட்டேன். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகத் தனித்தனிக் கீறல்கள். ஒவ்வொன்றிலும் பிட்ச் சரியாக 3 மி.மீ. ஆரம்பிக்கிற இடம்தான் வேறு வேறு. அப்படியென்றால் ஸ்பிண்டிலுக்கும் என்கோடருக்கும் இடையில்தான் ஏதோ நழுவுகிறது. பின்பக்கக் கவரைக் கழற்றி என்கோடர் புல்லியை விரலால் திருப்பினேன். ஷாஃப்ட் அசையாமல் புல்லி மட்டும் துளி அசைந்தது! புல்லியை ஷாஃப்ட்டோடு இறுக்கும் கிரப் ஸ்க்ரூ தளர்ந்து கிடந்தது. பெல்ட்டோ எண்ணெயில் ஊறி, பல்லெல்லாம் மழுங்கிப் போயிருந்தது. ஒரு பெல்ட், ஒரு ஸ்க்ரூ. அதற்கா கன்ட்ரோல் கார்டு?

அதோடும் தீரவில்லை. புது பெல்ட் போட்ட பிறகு கீறல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன, ஆனால் எப்போதாவது ஒரு பாஸ் திடீரென்று தப்பியது. என்கோடர் கேபிளைத் தொடர்ந்து போனேன். ஸ்பிண்டில் மோட்டார் கேபிளோடு சேர்த்து ஒரே கட்டாகக் கட்டியிருந்தார்கள். மின் இரைச்சலைத் தடுக்க என்கோடர் கேபிளைச் சுற்றியிருக்கும் ஷீல்டும் அறுந்து தொங்கியது. மோட்டார் கேபிளின் இரைச்சலை என்கோடர் பல்ஸ் என்று எண்ணிவிட்டால் கணக்கு தப்பத்தானே செய்யும்? இரண்டையும் பிரித்துத் தள்ளிப் போட்டு, ஷீல்டைக் கன்ட்ரோல் பெட்டியில் எர்த் செய்தோம். நட்டு இப்போது கை விரலால் கடைசிவரை ஏறுகிறது, மாணிக்கம். அதைப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சரி, நீ பார்க்கப் போகும்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். டூல் நகரும் வேகத்தை, அதாவது ஃபீடை, நிமிடத்துக்கு இத்தனை மி.மீ. என்று கொடுத்தால் ஓடி, சுற்றுக்கு இத்தனை என்று கொடுத்தால் நின்றுவிடுகிறதா? என்கோடர் சிக்னல் வரவில்லை. பிட்ச் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தவறாக இருந்தால் மெஷினின் மெமரியில் பதிந்திருக்கும் அமைப்பு எண்களில், பாராமீட்டரில், கோளாறு. போகப்போக ஏறி இறங்கினால் டூலை நகர்த்தும் பால் ஸ்க்ரூவின் தேய்மானத்தையும் பார்க்க வேண்டும், அது பெரிய செலவு. மரை வெட்டும்போது ஸ்பிண்டில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நாப்பை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்.

பெயர்ப்பலகையில் வோல்டேஜைப் படி. ஜப்பான் மெஷின் பெரும்பாலும் 200 வோல்ட் மூன்று ஃபேஸ். நம் லைன் 400. டிரான்ஸ்ஃபார்மர் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடு. அதைவிட முக்கியம் மெமரி பேட்டரி. நம் ஊரில் கரண்டு போனால் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? மெஷின் அணைந்து கிடக்கும்போது அந்த பேட்டரி செத்தால் பாராமீட்டர் மொத்தமும் அழிந்துவிடும், அப்புறம் மெஷின் வெறும் இரும்பு. பேட்டரியை மாற்றுவதும் கரண்டு இருக்கும்போதுதான். பாராமீட்டர் ஷீட் பெட்டிக் கதவின் உள்பக்கம் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் திரையில் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படமெடுத்துக்கொள்.

இன்னொன்று என் மனதை அரிக்கிறது. இந்த மெஷினை யார் ஓட்டப் போகிறார்கள்? இங்கே வேலை கற்ற பையன்கள் தாய்லாந்து, மலேசியா என்று ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது தங்கச்சி மகள் தேவிக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த நீலக் கீறலை முதலில் லென்ஸில் பார்த்துப் பிரித்துச் சொன்னது அவள்தான். சயா இருந்திருந்தால் அவளைத் தன் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டிருப்பார். உன் மகனுக்கும் ஆசை இருந்தால் ஒரு மாதம் இங்கே அனுப்பு, எங்கள் வீட்டில் தங்கட்டும்.

பெயர்ப்பலகை, என்கோடர் பெல்ட், கன்ட்ரோல் பெட்டியின் உள்பக்கம், மூன்றையும் படமெடுத்து அனுப்பு. மரை வெட்டிக் காட்ட அவர்கள் சம்மதித்தால் நாளைச் சொல், நானே மோல்மேனுக்கு பஸ் ஏறிவிடுகிறேன். மரையைச் சோதிக்கும் 3 பிட்ச் ரிங் கேஜ் உன்னிடம் இருந்தால் எடுத்து வை, இல்லையென்றால் இங்கிருந்து கொண்டுவருகிறேன். பீலிக்கான் கோயில் தீமிதிக்கு நீ குடும்பத்தோடு வருவாயா என்று அம்மா கேட்கிறார்கள், அதற்கும் பதில் எழுது.

அன்புடன்,
ராமு