கிராக் வந்த மறுநாள்

பழைய வண்ணாரப்பேட்டை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. நீயும் பார்ட்னரும் செய்த கேரம் கேம் வெளியான மூன்றாம் நாளே கிராக் (காசில்லாமல் ஆடும்படி உடைத்த காப்பி) வந்துவிட்டது, பார்ட்னர் சரியாகத் தூங்கவே இல்லை, இனிமேல் நெட் இல்லாமல் கேமே திறக்காதபடி பூட்டுப் போடப்போகிறோம் என்று எழுதியிருந்தாய். அந்தப் பூட்டை ஒரு வாரம் தள்ளிப் போடு. இதைப் படித்துவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள்.

இங்கே பெரிதாக விசேஷம் இல்லை. எம்.சி. ரோட்டில் வழக்கம்போல நடக்க இடம் கிடையாது. 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா நம்ம செரியன் நகர்ப் பெண் இல்லையா, அதிலிருந்து கேரம் என்றாலே இந்தப் பக்கத்துப் பையன்களுக்குக் காலர் தூக்கிக்கொள்கிறது. உன் கேமில் பவுடர் குறைந்தால் ஸ்ட்ரைக்கர் இழுப்பது, ரெட் போட்டுவிட்டு ஃபாலோ போகாமல் பதறுவது எல்லாம் அச்சு அசல். அதுதான் உன் சரக்கு.

முதலில் கணக்கு. ஆயிரம் பேர் ஓசியில் ஆடினால் ஆயிரம் தடவை 299 ரூபாய் போச்சு என்று பார்ட்னர் எழுதி வைத்திருப்பது தப்பு. 299-இல் ஜிஎஸ்டி 18 சதவீதம் அடக்கம். அதைக் கழித்தால் 253 சொச்சம். கேமை விற்றுத் தரும் ஸ்டீம் தளம் தன் 30 சதவீதத்தை எடுத்தபிறகு உன் கைக்கு வருவது 177 ரூபாய்தான். அதுவும் அந்த ஆயிரம் பேரில் காசு கொடுத்திருக்கக்கூடியவன் எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் பெருக்க முடியும். 2013-இல் கிரீன்ஹார்ட் கேம்ஸ் என்ற சின்ன ஸ்டூடியோ, தன் கேம் டெவ் டைகூன் விளையாட்டின் திருட்டுக் காப்பியைத் தானே டோரண்டில் (ஆளுக்கு ஆள் ஃபைல் பகிரும் வலையில்) போட்டது. முதல் நாள் முடிவில் 3,104 பேர் அந்தக் காப்பியை ஆடினார்கள், விலை கொடுத்தவர்கள் 214 பேர். அந்தக் காப்பியில் மட்டும், ஆடுகிறவன் நடத்தும் கேம் கம்பெனி திருட்டினாலேயே திவாலாகும். ஓசியில் ஆடியவர்களே, "இந்தத் திருட்டை எப்படித் தடுப்பது?" என்று இணையத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்! ஆனால் 3,104-இல் எத்தனை பேர் வாங்கியிருப்பார்கள் என்பதை அந்த எண் சொல்லவே சொல்லாது.

ஐரோப்பிய ஆணையம் இதையே ஆராயச் சொல்லி 3,60,000 யூரோ கொடுத்து எகோரிஸ் நிறுவனத்திடம் ஓர் அறிக்கை வாங்கியது. 2015-இல் முடிந்த அறிக்கை 2017-இல்தான் வெளியே வந்தது. புதுப்படங்களுக்கு நஷ்டம் தெரிந்தது, கேம்களுக்கு நஷ்டம் என்று காட்டச் சான்று கிடைக்கவில்லை. இதை வைத்துக்கொண்டு திருட்டால் ஒன்றுமே குறையாது என்று சொல்ல மாட்டேன். 2024-இல் வெளியான ஓர் ஆய்வு டெனுவோ என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டுப் போட்ட 86 பிசி கேம்களை எடுத்துப் பார்த்தது. வெளியான உடனே பூட்டு உடைந்தால் வருமானத்தில் சராசரியாக ஏறத்தாழ 20 சதவீதம் போகிறது. 12 வாரம் தாங்கிவிட்டால் அதன்பிறகு உடைந்தாலும் பெரிதாக எதுவும் குறைவதில்லை. ஆக, பூட்டுக்கு ஆவின் பாக்கெட் மாதிரி ஒரு தேதி உண்டு. பெரிய கம்பெனி அதைப் போட்டால் 12 வாரம் கழித்துக் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் வருடக்கணக்கில் விட்டு வைப்பதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

உனக்கோ அந்தத் தேதி மூன்றாம் நாளே தாண்டிவிட்டது. வெளியே போன காப்பி இனித் திரும்பி வராது. இப்போது போடுகிற பூட்டு காசு கொடுத்தவன் வீட்டுக் கதவில்தான் தொங்கும். இதற்கு முன்னுதாரணம் எக்கச்சக்கம். 2008-இல் ஸ்போர் கேமை மூன்று தடவைக்கு மேல் இன்ஸ்டால் செய்ய முடியாது என்றார்கள். அமேசானில் ஒற்றை நட்சத்திரமாகக் குவிந்தது, டோரண்டிலும் அந்த வருடம் அதற்குத்தான் கிராக்கி. 2010-இல் யூபிசாஃப்ட் கம்பெனி தன் கேம்களை ஆட எப்போதும் நெட் வேண்டும் என்றது. சர்வர் மேல் தாக்குதல் நடந்தபோது விலை கொடுத்தவர்கள் வெளியே நின்றார்கள். 2013-இல் சிம்சிட்டி வெளியான வாரமே சர்வர் திணறியது, நெட் இல்லாமல் ஆடும் வசதி வர ஒரு வருடம் ஆனது. 2021-இல் ரெசிடெண்ட் ஈவில் வில்லேஜ் பிசியில் அங்கங்கே திக்கியது, கிராக் செய்த காப்பி வழுவழுவென்று ஓடியது. அதைச் செய்த கேப்காம் பிறகு பேட்ச் (திருத்த ஃபைல்) விட்டுத்தான் சரிசெய்தது. இதையெல்லாம்விட வேடிக்கை பழைய டிஸ்க்குகள். சேஃப்டிஸ்க், செக்யூரோம் பூட்டுப் போட்டு வந்த ஒரிஜினல்களை விண்டோஸ் 10 திறக்க மறுத்தது. பூட்டு உடைத்த காப்பி மட்டும் திறந்தது. பெட்டியோடு விலைக்கு வாங்கியவன் ஏமாந்தான், பர்மா பஜாரில் பிளாஸ்டிக் உறையில் வாங்கியவன் ஜெயித்தான்.

பஜாரைப் பற்றி இன்னொன்று. அங்கே ஓடியது விலையால் மட்டும் இல்லை. கேட்ட டிஸ்க் அன்றைக்கே கிடைக்கும், கண்முன்னால் போட்டுக் காட்டுவார்கள், ஓடவில்லை என்றால் மாற்றித் தருவார்கள். ஸ்டீமை நடத்தும் வால்வ் கம்பெனியின் கேப் நியூவெல் 2011-இல் திருட்டு என்பது விலைப் பிரச்சினையைவிடச் சேவைப் பிரச்சினை என்று சொன்னார். ராஜாஜி சாலையில் கடை போட்டவனுக்கு அது முன்னாலேயே தெரியும்.

சரி, உன் பில்டுக்கு (வெளியே விடும் கேம் தொகுப்புக்கு) வருவோம். ஸ்டீம் கொடுக்கும் சாதாரண உறை (கேமைச் சுற்றிப் போடும் லேசான பூட்டு) திருட்டைத் தடுக்காது என்று வால்வ் தன் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. அதை நம்பி உட்காராதே, கழற்றவும் வேண்டாம். நீ அனுப்பிய பில்டில் ஸ்டீம் ஆப் ஐடி எழுதிய சின்ன டெக்ஸ்ட் ஃபைல் இன்னும் கிடக்கிறதா என்று பார். சோதனைக்கு வைத்த ஃபைல் அது. அது இருந்தால், ஸ்டீம் வழியாகத் திறக்கப்பட்டதா என்று கேட்கும் சோதனை பேசாமல் வழிவிட்டுவிடும். முதல் கேம் விடுகிறவர்கள் செய்யும் தப்பு இது. கோடின் உள்பெயர்களைக் காட்டிக்கொடுக்கும் டிபக் சிம்பல்களையும் வெளியே அனுப்பாதே.

கேம் செய்யும் யூனிட்டி மென்பொருளில் மோனோ முறையில் பில்டு செய்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் உன் சி ஷார்ப் கோடு முழுவதும் ஒரே டிஎல்எல்லில், திறந்து படிக்கிற நிலையில் இருக்கிறது. கோடை மெஷின் மொழியாக்கும் ஐஎல்2சிபிபி முறைக்கு மாற்று. கிராக் நிற்காது, ஆனால் உன் கோடை அப்படியே எடுத்து வேறு பெயரில் விற்கிற வேலை கஷ்டமாகும். மாற்றும்போது ஒரு சிக்கல் வரும். யூனிட்டி பயன்படாத கோடு என்று நினைத்ததை வெட்டி எறியும். சேவ் ஃபைலை ரிஃப்ளெக்‌ஷன் வழியாக (பெயரை வைத்துத் தேடி) படிக்கிற கிளாஸும் அதோடு சேர்ந்து போய்விடும். எடிட்டரில் எல்லாம் நன்றாக ஓடும், பில்டில் பழைய சேவ் மட்டும் திறக்காது. வெட்டக்கூடாத கிளாஸ்களை லிங்க் எக்ஸ்எம்எல் என்ற பட்டியல் ஃபைலில் எழுதிவிட்டு, பழைய வெர்ஷனில் பாதி ஆடிய சேவை வைத்துச் சோதித்த பிறகே வெளியே விடு.

பார்ட்னர் எல்லா படம், ஒலியையும் ஒரே பெரிய ஃபைலாகக் கட்டி என்கிரிப்ட் பண்ணலாம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டலாம்) என்கிறாரே, அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதே. சாவி கேமுக்குள்ளேயே இருந்தாக வேண்டும், தேடுகிறவன் எடுத்துவிடுவான். நஷ்டம் வேறு இடத்தில். ஸ்டீம் ஒவ்வொரு ஃபைலையும் ஏறத்தாழ 1 எம்பி துண்டுகளாக வெட்டி, மாறிய துண்டுகளை மட்டும் அனுப்புகிறது. ஃபைல் முழுவதையும் ஒரே ஓட்டமாக அழுத்தியோ என்கிரிப்ட் செய்தோ வைத்தால், நடுவில் ஒரு படம் மாறினாலும் அதற்குப் பின்னால் இருக்கும் பைட் எல்லாம் மாறும். 20 எம்பி மாற்றத்துக்கு 3 ஜிபி பேட்ச் இறங்கும். போனில் ஒரு நாளைக்கு 2 ஜிபி வைத்துக்கொண்டு ஹாட்ஸ்பாட்டில் ஆடுகிற தண்டையார்பேட்டைப் பையன் அன்றைக்கு ஆடவே முடியாது. கிராக் ஆடுகிறவனுக்கு பேட்சே கிடையாது, அவன் பாட்டுக்கு ஆடுவான். அசெட் பண்டில்களை (படம், ஒலி கட்டிய ஃபைல்களை), முழுவதையும் ஒன்றாக அழுத்தும் எல்இசட்எம்ஏவில் இருந்து துண்டு துண்டாக அழுத்தும் எல்இசட்4-க்கு மாற்று. போர்டு, காயின், ஒலி என்று தனித்தனியாகக் கட்டு. மொழிக்குரிய குரல் ஃபைல்களைத் தனி டிபோவில் (ஸ்டீமில் தனியாக இறங்கும் தொகுப்பில்) வைத்தால் தமிழ் ஆடுகிறவன் இந்திக் குரலை இறக்க வேண்டியதில்லை. சுருக்கிக் கட்டிய திருட்டுக் காப்பிகளுக்கு ஏன் அத்தனை மவுசு? சைஸ் சின்னது, அதுதான் முக்கால்வாசிக் காரணம்.

காவல் போட வேண்டிய இடம் ஒன்றுதான்: ஆன்லைன் மேட்ச், தரவரிசை. கேம் ஸ்டீமிடம் ஒரு டிக்கெட் (ஆடுகிறவன் யார் என்ற சான்று) வாங்கி உன் சர்வருக்கு அனுப்பும். சர்வர் அதை வால்விடம் கொடுத்து, உண்மையா என்று கேட்கும். அதற்கு வேண்டிய பப்ளிஷர் சாவி சர்வரில் மட்டும் இருக்க வேண்டும். கேமுக்குள் வைத்துவிட்டால் வீட்டுச் சாவியைக் கதவிலேயே மாட்டி வைத்த கதைதான். பதிலில் ஆடுகிறவன் ஐடியும், கேமுக்குச் சொந்தக்காரன் ஐடியும் தனித்தனியாக வரும். இரண்டும் வேறாக இருந்தால் திருட்டு என்று தடை போட்டுவிடாதே, அண்ணன் வாங்கியதைத் தம்பி ஃபேமிலி ஷேரிங்கில் ஆடுகிறான். ஒருவன் தனியாகவோ ஒரே போர்டில் நான்கு பேராகவோ ஆடும்போது எதையும் கேட்காதே. மழைக்காலத்தில் இங்கே ஃபைபர் அறுந்தால் ஆட்கள் செய்வதே அதைத்தான்.

திருட்டுக் காப்பி ஆடுகிறவனுக்கு கேமுக்குள்ளேயே பொறி வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். பேட்மேன் ஆர்க்கம் அசைலம் கேமின் திருட்டுக் காப்பியில் சிறகு விரித்துப் பறக்க முடியாது, சீரியஸ் சாம் 3-இல் சாகாத தேள் துரத்தும். படிக்க ஜோர்தான். ஆனால் டைட்டன் குவெஸ்டுக்கு என்ன ஆனது? பூட்டு உடைத்த காப்பி நடுவில் செயலிழக்கும்படி வைத்திருந்தார்கள். அதை ஆடியவன் இது பூச்சி பிடித்த கேம் என்று ஊரெல்லாம் சொன்னான், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வைத்தே தீருவேன் என்றால், காசு கொடுக்காத காப்பி என்று திரையில் தெளிவாகச் சொல்லுகிற மாதிரி வை. ஸ்ட்ரைக்கர் கோணல் மாணலாகப் போகிற மாதிரி வைக்காதே.

சட்டம் பக்கம் சுருக்கமாக. டோரண்டை விடு, அதில் எடுக்கச் சொல்ல ஆளே கிடையாது. நேரடி டவுன்லோட் லிங்குகளுக்கு முதல் இரண்டு வாரம் தினம் அரை மணி நேரம் ஒதுக்கு. இந்தியச் சட்டப்படி புகார் போய்ச் சேர்ந்த 36 மணி நேரத்துக்குள் இடைத்தரகர், அதாவது ஃபைலை வைத்திருக்கும் தளம், அதை எடுக்க வேண்டும். 21 நாளுக்குள் நீ கோர்ட் உத்தரவு கொண்டுவராவிட்டால் அவன் திரும்பத் திறக்கலாம். கோர்ட்டுக்குப் போகாமலே அந்த 21 நாள் உனக்குப் போதும், விற்பனை சூடாக இருப்பது அப்போதுதானே. தேடல் பக்கத்திலிருந்து லிங்கை நீக்கக் கூகுளுக்குத் தனியாக எழுது. ஆடுகிற பையன்களுக்கு வக்கீல் நோட்டீஸ் விடுகிற யோசனை மட்டும் வேண்டாம். திருட்டு கம்ப்யூட்டர் புரோகிராமைத் தெரிந்தே பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று வருடம் வரை சிறை என்று பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி பிரிவு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் விட்சர் 2 கேமைத் திருடியதற்காக ஜெர்மனியில் நோட்டீஸ் விட்ட சிடி புராஜெக்ட், வாங்கியவர்களே திட்டியதால் 2012-இல் அதை நிறுத்தியது. அதே கம்பெனி 1999-இல் பால்டர்ஸ் கேட் என்ற கேமைப் போலிஷ் குரலில், வரைபடம், விதிப்புத்தகம் எல்லாம் பெட்டியில் வைத்து விற்றுத்தான் சந்தைக் காப்பிகளைத் தாண்டியது. உன் கேமில் வடசென்னைக் குரலில் வர்ணனை கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா?

கடைசியாக, நீ கேட்காத ஒன்று. கிராக்கைவிட உன் பையைக் கிழிப்பது திருட்டுக் கார்டில் வாங்கிய கீ, அதாவது ஸ்டீமில் கேமைத் திறக்கும் குறியீடு. எவனோ திருடிய கார்டில் உன் தளத்தில் கீ வாங்கி, கீ விற்கும் சந்தையில் பாதி விலைக்குத் தள்ளுவான். கார்டுக்காரர் புகார் செய்தால் காசும் திரும்பப் போகும், அபராதக் கட்டணமும் உன் தலையில் விழும். ஃபேக்டோரியோ என்ற கேமைச் செய்த வூப் நிறுவனம் இதை எதிர்த்துப் போராடி, 2020-இல் ஜி2ஏ என்ற கீ சந்தையிடமிருந்து 198 கீகளுக்கு 39,600 டாலர் வாங்கியது. எல்லோருக்கும் அந்தப் பிடிவாதம் இருக்காது. அதனால் உன் தளத்தில் கீ விற்பதை நிறுத்து, வாங்குகிறவனை ஸ்டீம் பக்கத்துக்கு அனுப்பு. யூடியூபர் என்று சொல்லிக் கீ கேட்டு வருகிற மெயிலில் பாதி டூப். சேனல் பக்கத்தில் உள்ள மெயிலோடு ஒப்பிட்டுப் பார், அந்த முகவரிக்கே பதில் போடு. கீகளை ஒவ்வொரு தொகுப்புக்கும் பெயர் வைத்து எடு. ஒரு தொகுப்பு கசிந்தால் அதை மட்டும் முடக்கலாம்.

டெமோ ஒன்று உடனே விடு. 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பது இங்கே பல பேருக்குத் தெரியவே தெரியாது. ஸ்டோர் பக்கத்தில் தமிழில் எழுது. கேம் சென்டர்காரர்களுக்கு ஸ்டீமில் பிசி கஃபே உரிமம் இருக்கிறது. வியாசர்பாடியில் ஒரே ஃபோல்டரை ஒன்பது மெஷினுக்குக் காப்பி பண்ணி வைத்திருக்கிற கடைக்காரரிடம் சண்டை போடுவதைவிட அதைச் சொல்லிப் பார்க்கலாம்.

எல்இசட்4-க்கு மாற்றியபிறகு பேட்ச் சைஸ் என்ன வந்தது என்று எழுது. 50 எம்பிக்கு மேல் வந்தால் பில்டு லாகையும் சேர்த்து அனுப்பு, எந்த பண்டில் ஊதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன். பார்ட்னரைத் தூங்கச் சொல்.

அன்புடன்,
முரளி