வராத பணத்துக்கு வரி: ஜிஎஸ்டி கவுன்சிலுக்கு பீன்யாவிலிருந்து ஒரு மடல்

மதிப்பிற்குரிய ஜிஎஸ்டி கவுன்சில் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பெங்களூரு பீன்யாவில் நாலு லேத்தும் ஒரு சிஎன்சியும் (கம்ப்யூட்டரில் ஓடும் மெஷின்) ஓடும் சின்னப் பட்டறை எங்களுடையது. மெஷின் பக்கம் என் வீட்டுக்காரர், பில்லும் வரியும் நான். சேலத்திலிருந்து வந்து பதினெட்டு வருஷமாகிறது. பத்தாம் தேதி சம்பளம், இருபதாம் தேதி 3பி, அதாவது போன மாத ஜிஎஸ்டி கணக்கைக் காட்டி வரி கட்டும் ரிட்டர்ன். அந்த இருபதாம் தேதியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன ஆகஸ்டில் ஒரு பம்பு கம்பெனிக்கு ஷாஃப்ட் கடைந்து அனுப்பினோம். பில் 5 லட்சம், அதற்கு 18 சதவீதம் வரி 90,000. இரும்பு ராடு வாங்கும்போதே 54,000 வரி கொடுத்தாயிற்று; ராடு கடைக்காரர் எங்களுக்குக் கடன் தருவதில்லை. அதைக் கழித்து மீதி 36,000-ஐ அரசுக்குச் செப்டம்பர் 20க்குள் கட்ட வேண்டும். ஒரு ஜோடி வளையலை அடகு வைத்துக் கட்டினேன். தவறினால் வருஷத்துக்கு 18 சதவீத வட்டி, ரிட்டர்னும் தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய். கம்பெனியிலிருந்து பணம் வந்தது டிசம்பர் கடைசியில்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே பில் செப்டம்பர் பாதியிலேயே அவர்களுடைய 2பி-யில் (வாங்கியவர் எவ்வளவு வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்று காட்டும் பட்டியல்) ஏறிவிட்டது. எங்களுக்கு ஒரு ரூபாய்கூடத் தராமல் அந்த 90,000-ஐத் தங்கள் வரியில் கழித்துக்கொண்டார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை, சட்டமே அப்படி. வாங்குகிறவருக்குப் பணம் கொடுக்க 180 நாள் அவகாசம். விற்றவருக்கு வரி கட்ட அடுத்த மாதம் 20 வரைதான்.

பணம் வராமலே போனால்? இரண்டு வருஷம் முன்பு ஒரு வாடிக்கையாளர் கம்பெனியை மூடிவிட்டுப் போனார். சரக்கும் போயிற்று, கட்டிய வரியும் போயிற்று. சரக்கு திரும்பினாலோ பில்லில் தொகை கூடியிருந்தாலோதான் பில்லையும் வரியையும் குறைக்கும் கிரெடிட் நோட் போடலாம். வாராக் கடனுக்கு ஜிஎஸ்டியில் வழியே இல்லை.

சிறியவர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் சேரலாமே என்பார்கள். ஆண்டு விற்பனை 1.5 கோடி வரை 1 சதவீத வரி, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த பில்லில் வரி வசூலிக்க முடியாது, வாங்குகிற கம்பெனிக்கு கிரெடிட் (வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி) கிடைக்காது, அவர்கள் வேறு பட்டறைக்குப் போய்விடுவார்கள். போதாக்குறைக்கு வெளி மாநிலத்துக்கு விற்கக் கூடாது. எங்கள் சரக்கில் பாதி ஓசூருக்குப் போகிறது. அத்திப்பள்ளி தாண்டினால் வேறு மாநிலம்!

45 நாளில் சிறு நிறுவனங்களுக்குப் பணம் தர வேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்தது. அதை மீறினால் வருமான வரியில் அந்தச் செலவைக் கழிக்க முடியாது என்று 2024-லிருந்து வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் கடிவாளமும் போட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் தாமதமானாலும் அந்த நிதியாண்டுக்குள் கொடுத்துவிட்டால் செலவாகக் கழித்துக்கொள்ளலாமே. அதனால் எங்களுக்கு மார்ச் கடைசி வாரம் மட்டும் தீபாவளி.

நாங்கள் வரிவிலக்கு கேட்கவில்லை. ஆண்டு விற்பனை 5 கோடிக்குள் உள்ளவர்கள், பணம் கைக்கு வந்த பிறகு வரி கட்டட்டும். வாங்குகிறவருக்கும் பணம் கொடுத்த பிறகே கிரெடிட் கிடைக்கட்டும். நாங்கள் கட்டுவது தள்ளிப்போனால் அவர்கள் கழிப்பதும் தள்ளிப்போகும். கஜானாவுக்கு இதில் என்ன நஷ்டம்? இது புதுசும் இல்லை. சேவை வரி இருந்த காலத்தில், 50 லட்சம் வரை பணம் வந்த பிறகு கட்டும் வசதி தனிநபர்களுக்கும் கூட்டு நிறுவனங்களுக்கும் இருந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது அது போய்விட்டது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் சிறு வணிகர்களுக்கு இப்படி ஒரு கணக்கு முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. எந்த பில்லை யார் ஏற்றார், யார் நிறுத்தி வைத்தார் என்று ஜிஎஸ்டி போர்ட்டலிலேயே பார்க்க முடிகிற காலம் இது. பணம் வந்த தேதிக்கும் ஒரு கட்டம் சேர்ப்பது பெரிய வேலையா?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் என்ற சலுகையை நினைவூட்டாதீர்கள். ரிட்டர்ன்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பணம் மாதாமாதம் கட்டியாக வேண்டும்.

இன்று 18ஆம் தேதி. போன மாத பில்லுக்காகக் காலையில் ஃபோன் செய்தேன். "அடுத்த வாரம் பார்க்கலாம் மேடம்" என்றார்கள். நாளை மறுநாளுக்குள் நான் கட்ட வேண்டியது 41,300 ரூபாய்.

இப்படிக்கு,
பீன்யாவில் ஒரு லேத் பட்டறையின் கணக்குப் பிள்ளை